மேட்டு மண்ணும் பள்ளத்துச் சேரியும்



போன மாதம் ஒரு மாணவர் சந்திப்பு. சுரங்கங்களுக்கு நிலம் பறிபோவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பின்வரிசையிலிருந்து ஒரு தம்பி எழுந்தான். "தோண்டி முடிச்ச எடத்துல மண்ணைப் போட்டு மூடி மரம் நட்டுடுறாங்களே. நெய்வேலிப் பக்கம் போனா பச்சைப்பசேல்னு இருக்கே. அப்புறம் என்னா பிரச்சினை?" என்று கேட்டான். கேலியாக இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். முன்னால் உட்கார்ந்திருந்த எங்களில் யாருக்கும் சரியான பதில் வரவில்லை. ஒருவர் ஏகாதிபத்தியம் என்றார். இன்னொருவர் பன்னாட்டு மூலதனம் என்றார். நான் நிலவுரிமை என்று ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவன் கேட்டது மண்ணைப் பற்றி. மண்ணைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினோம். இந்தத் தலையங்கம் அந்தத் தம்பிக்கான பதில். ஒரு மாதம் தாமதமாக வருகிறது, அவ்வளவுதான்.

எங்க தாத்தா நீர்க்கட்டி. ஏரி மதகைத் திறப்பது, மூடுவது, வாய்க்காலில் மடை மாற்றிவிடுவது, மழை ராத்திரியில் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கரைமேல் காவல் நிற்பது எல்லாம் அவர் வேலை. அந்த வேலை எந்தத் தெருக்காரன் தலையில் கட்டப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவர் காத்த தண்ணி ஊர்க்காரன் வயலுக்குப் போகும். களத்து மூலையில் இவருக்கு ரெண்டு மரக்கால் நெல். ஊர்க்கிணற்றில் அவர் குடம் வைக்க முடியாது. படிக்கத் தெரியாத அந்த மனுஷனுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த மேட்டைப் பார்த்தாலும் மேட்டைப் பார்க்க மாட்டார். அதன் அடிவாரத்தைப் பார்ப்பார். "மழ வந்தா இது எங்கடா எறங்கும்?" என்பார். மூடிய சுரங்கத்தின் முன்னால் நின்று நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் அதுதான். ஏனென்றால் பெரும்பாலான இடங்களில் மேட்டில் ஊர், பள்ளத்தில் சேரி. மேட்டிலிருந்து எது இறங்கினாலும் முதலில் வந்து சேருகிற வாசல் நம்முடையது.

எங்கள் பக்கத்தில் ஒரு கல்குவாரி இருந்தது. பெயர் எதற்கு, உங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஒன்று இருக்கும். பாறைக்கு மேலே கிடந்த செம்மண்ணையும் உதவாத கல்லையும் வாரி, ஏரிக்கு வரும் வரத்து வாய்க்காலின் தலைமாட்டில், புறம்போக்கில் கொட்டினார்கள். பத்துப் பதினைந்து வருஷத்தில் அது சின்ன மலையாகிவிட்டது. குவாரி மூடியபோது அதன்மேல் தைலமரக் கன்றுகளை வரிசையாக நட்டு, கம்பிவேலி போட்டு, ஒரு போர்டும் வைத்தார்கள். அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். பச்சையாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

2015 நவம்பர் மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கடலூர் மாவட்டமே மூழ்கிய மழை. அந்த மழையின் ஒரு ராத்திரியில் எங்கள் மண்மேடு கரைந்து இறங்கியது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை. விடியும்போது தெருவில் முழங்கால் அளவுக்குச் சிவப்புச் சேறு. என் சித்தி வீட்டு மண்சுவர் உட்கார்ந்துவிட்டது. கட்டியிருந்த மூன்று ஆடும் உள்ளே. தைலமரங்கள் பாதிக்கு மேல் அப்படியே நின்றன. மரம் இருந்தது, மண்தான் இல்லை. "ஒரு ஆட்டுக்குத்தான் காசு தருவாங்களாம், மீதி ரெண்டுக்கு ஒடம்பக் காட்டணுமாம். சேத்துக்குள்ள எங்க போய் தேட்றது தம்பி?" என்று சித்தி கேட்டது. தாலுகா அலுவலகக் காகிதத்தில் அது 'இயற்கைச் சீற்றம்' என்று போனது. அடுத்த வருஷம் வரத்து வாய்க்காலைத் தூர்வார நூறு நாள் வேலை வந்தது. தட்டுக்கூடையில் அந்தச் சிவப்பு மண்ணைத் தலையில் சுமந்து கரையேற்றியது யார்? எங்கள் தெருப் பொம்பளைங்கள்தான். என் சித்தியும். குவாரிக்காரன் கொட்டிய மண்ணை, அரசுப் பணத்தில், அந்த மண்ணால் வீடிழந்தவள் வாரினாள். அந்தக் கணக்கை இதுவரை யாரும் எழுதவில்லை.

சரி, மரம் நின்றும் மண் ஏன் போனது? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். நம் மேடைகளில் இது பேசப்படுவதே இல்லை.

பூமியில் இயற்கையாகக் கிடக்கும் மண்ணுக்கு அடுக்கு உண்டு. மேலே ஒரு சாண், இரண்டு சாண் மண்ணில் வேர், மக்கு, புழு, விதை எல்லாம் கலந்திருக்கும். பஞ்சு மாதிரி தண்ணியைக் குடிப்பது அந்த அடுக்குதான். சுரங்கம் தோண்டுகிறவன் அதை முதலில் வெட்டித் தனியாகச் சேர்த்து வைக்காவிட்டால் அது கொட்டின குவியலின் அடியில் போய்விடும். அம்பது அறுபது மீட்டர் ஆழத்திலிருந்து கடைசியாக வந்த உயிரில்லாத களியும் மணலும் மேலே வந்து உட்காரும். அதன்மேல் டம்பர் லாரிகள் ஓடி ஓடி ரோடு மாதிரி இறுக்கிவிடும். முதல் மழைத்துளி வெறும் மண்ணில் விழும்போதே அடித்துத் தெறிக்கிறது. தெறித்த பொடிக்களி மண்ணின் துவாரங்களை அடைக்கிறது. அதற்கப்புறம் தண்ணி உள்ளே இறங்காது, ஓடத்தான் செய்யும். முதலில் பரந்து ஓடும். பிறகு விரல் அகலத்துக்குக் கீறல் விழும். கீறல்கள் ஒன்று சேர்ந்தால் ஆள் இறங்குகிற ஓடை. தண்ணியின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி நாலு மடங்கு. சரிவு எவ்வளவு நீளமோ அவ்வளவு வேகம் சேரும். லாரியில் கொண்டுபோய் அப்படியே சரித்த மண் ஏறக்குறைய 35 டிகிரி சரிவில் நிற்கும். மேலிருந்து அடிவரை தடையே இல்லாத அந்தச் சரிவில் ஐப்பசி மழை பெய்தால் என்ன நடக்கும் என்பதற்கு விஞ்ஞானி வேண்டாம். எங்க தாத்தா போதும்.

தைலமரம் ஏன் காப்பாற்றவில்லை என்றால், அதனடியில் புல் இல்லை. உயரத்து இலையிலிருந்து சொட்டும் துளியும் வெறும் மண்ணைத்தான் அடிக்கிறது. மண்ணைப் பிடிப்பது தரையோடு தரையாகக் கிடக்கிற புல்லும் செடியும் சருகும்தான். மரம் அதற்கப்புறம். ஆனால் புல்லை ஃபோட்டோ பிடித்தால் அழகாகத் தெரியாதே! 2020 ஜனவரி 8-ல் உச்ச நீதிமன்றம், தோண்டி முடித்த நிலத்தில் புல் வளர்த்து, தீவனமும் செடிகொடியும் வளரும் நிலைக்கு மீட்டுத் தருவதைச் சுரங்கக் குத்தகைகளில் நிபந்தனையாகவே சேர்க்கச் சொன்னது. 'புல்' என்று ஒரு நீதிமன்றம் சொன்னதைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்?

செய்ய வேண்டிய வேலைகள் ஒன்றும் ராக்கெட் வித்தை இல்லை. நீண்ட சரிவைப் படிக்கட்டு மாதிரி வெட்ட வேண்டும். ஒவ்வொரு படியும் வெளியே சாயாமல் உள்பக்கம் சாய வேண்டும். அப்போது தண்ணி படியிலேயே நின்று, ஓரத்து வாய்க்காலில் நடந்து, கல் பதித்த இறக்கம் வழியாகக் கீழே வரும். மேட்டுக்கு வெளியே பெய்கிற மழை மேட்டுக்குள் நுழையாமல் சுற்று வாய்க்கால் போட்டுத் திருப்ப வேண்டும். அடிவாரத்தில் கம்பிவலைக்குள் கல் அடுக்கிய சுவர். அதற்கும் கீழே வண்டல் குட்டை. அதில் தண்ணி நின்று தெளிந்த பிறகுதான் ஓடைக்கோ ஏரிக்கோ விட வேண்டும். புது மண்ணின்மேல் தென்னைநார்ப் பாய் விரிக்கலாம். கொழுஞ்சி, சணப்பை விதைக்கலாம். சரிவின் குறுக்கே வெட்டிவேர் வரிசை வைத்தால் வேர் ஆள் உயரத்துக்கு மேல் நேராகக் கீழே இறங்கிப் பிடிக்கும். கடலூர்க் கடற்கரை மணலில் வெட்டிவேர் போடுகிற நம் ஜனங்களுக்கு அது புதுசா?

இதில் வண்டல் குட்டையைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை அதிகம் சொல்ல வேண்டும். ஏமாற்று அங்கேதான் நடக்கும். மணல் சில நிமிஷத்தில் அடியில் உட்கார்ந்துவிடும். களி உட்கார நாள்கணக்காகும். குட்டை சின்னதாக இருந்தாலோ, போன வருஷ வண்டலால் பாதி நிரம்பியிருந்தாலோ, தண்ணி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் அப்படியே கலங்கலாக வெளியேறும். குட்டை இருக்கிறதா என்று கேட்டால் 'இருக்கிறது' என்பார்கள். புரட்டாசியில் வாரினீர்களா, வாரிய மண் எங்கே என்று கேட்க வேண்டும்.

இதெல்லாம் தனியார் முதலாளியின் லாபவெறி, அரசு நடத்தினால் சரியாகிவிடும் என்று நம்முடைய இடதுசாரி நண்பர்கள் சிலர் சொல்வார்கள். அவர்களுக்காக வேல்ஸ் நாட்டின் அபர்ஃபான் கிராமத்தை ஞாபகப்படுத்துகிறேன். அங்கே நிலக்கரிச் சுரங்கம் நடத்தியது அரசின் தேசிய நிலக்கரி வாரியம். கழிவு மண்ணை மலைச்சரிவில், நீரூற்றுகளுக்கு மேலேயே கொட்டினார்கள். ஏழாவது குவியல் 1958-ல் தொடங்கியது. கீழே பள்ளிக்கூடம் இருக்கிறது, ஆபத்து என்று உள்ளூர் மன்றத்திலிருந்து எழுதியும் காட்டினார்கள். 1966 அக்டோபர் 21 காலையில் மழையிலும் ஊற்றிலும் ஊறிய அந்தக் குவியல் சரிந்து பள்ளிக்கூடத்தின்மேல் இறங்கியது. செத்தவர்கள் 144 பேர். அதில் 116 பேர் குழந்தைகள். விசாரணை வாரியத்தைத்தான் குற்றவாளி என்றது. இதற்குமேல்தான் விஷயம் இருக்கிறது. மிச்சமிருந்த குவியல்களை அகற்றுங்கள் என்று ஜனங்கள் கேட்டபோது, செத்த பிள்ளைகளின் குடும்பங்களுக்காக உலகம் அனுப்பிய நிதியிலிருந்து 1,50,000 பவுண்டை அந்தச் செலவுக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பணம் 1997-ல்தான் திரும்பி வந்தது, வட்டியில்லாமல். என் சித்தி தலையிலிருந்த தட்டுக்கூடையும் அந்த 1,50,000 பவுண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது.

தனியார் யோக்கியம் என்று இதற்கு அர்த்தமில்லை. 1972 பிப்ரவரி 26-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில், ஒரு தனியார் நிலக்கரிக் கம்பெனி கழிவைக் கொண்டே போட்டிருந்த அணை மழையில் உடைந்து 125 பேர் செத்தார்கள். 'கடவுளின் செயல்' என்றது கம்பெனி. அந்த நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்கள் விடவில்லை. 1977-ல் ஒரு சட்டம் வந்தது. நிலத்தை ஏறக்குறைய பழைய மேடுபள்ளத்துக்கே கொண்டுவர வேண்டும். மேல்மண்ணைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஓடும் தண்ணியைக் குட்டையில் தெளியவைத்தே விட வேண்டும். தோண்டுவதற்கு முன்னாலேயே பணயத்தொகை கட்ட வேண்டும். செடி வைத்தபின் குறைந்தது ஐந்து வருஷம், மழை குறைந்த இடத்தில் பத்து வருஷம், அது நிலைக்கிறதா என்று பொறுப்பேற்க வேண்டும். அந்தச் சட்டத்திலும் ஓட்டை உண்டு, ஏமாற்று உண்டு. ஆனால் செடி வைத்த அன்றைக்கே கைகழுவ முடியாது.

நம் நாட்டிலும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கு 2009-ல் மூடல் திட்ட நெறிமுறை வந்தது. திறந்தவெளிச் சுரங்கம் என்றால் ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கிட்டுத் தனிக் கணக்கில் போட்டுவைக்க வேண்டும் என்றது. காகிதம் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு மண்மேட்டின் அடிவாரத்துக்கு யார் போனார்கள் என்பதுதான் கேள்வி.

இனி நெய்வேலிக்கு வருவோம். தம்பி கேட்டது அதைத்தானே. 1957 மே 20-ல் நேரு தொடங்கி வைத்தார். 1961-ல் பழுப்பு நிலக்கரி கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று சுரங்கங்களின் திறன் சேர்ந்து ஆண்டுக்கு இரண்டரைக் கோடி டன்னுக்கு மேல். ஒரு டன் கரி எடுக்க ஐந்து கனமீட்டருக்கு மேல் மண் வாரியாக வேண்டும். நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். அந்த மண்ணில் முதல் வெட்டின் மண் வெளியே மலையாகக் குவிந்தது. அப்புறம் தோண்டத் தோண்ட, கரி எடுத்த பள்ளத்திலேயே திருப்பிக் கொட்டுகிறார்கள். அங்கே திருத்திய நிலத்தில் தோப்பும் வயலும் குளமும் இருப்பது உண்மை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, செத்த மண்ணில் பயிர் வைத்துப் பார்த்ததும் உண்மை. இல்லை என்று சொன்னால் நாம்தான் பொய்யர்கள் ஆவோம்.

ஆனால் தண்ணியைப் பாருங்கள். கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கிற ஊற்றுநீரை ராவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கம் நிற்கும். மேலே பெய்கிற மழையும் பள்ளத்தில் இறங்கும், அதையும் இறைக்க வேண்டும். ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி தொடங்கி மூன்று மாதத்தில் கொட்டுகிற மாவட்டம் அது. இறைத்த தண்ணியும் மேட்டில் ஓடிய தண்ணியும் பரவனாறு வழியாக வாலாஜா ஏரி, பெருமாள் ஏரி என்று கிழக்கே இறங்குகிறது. கோடையில் அதே தண்ணியில்தான் விவசாயம் நடக்கிறது, அதையும் மறைக்க வேண்டாம். மழைக்காலத்தில் அதுவே வெள்ளத்தோடு வெள்ளமாகச் சேர்கிறது. ஏரிகள் தூர்ந்துபோகின்றன என்பது அந்தப் பக்கத்து விவசாயிகளின் நெடுநாள் புகார். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பச்சை நெல்வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கியதை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அது எதற்காக வெட்டிய வாய்க்கால்? சுரங்கம் முன்னேறுவதற்காகப் பரவனாற்றையே நகர்த்தி வைக்கிற வாய்க்கால். அன்றைக்குக் கட்சிகள் எல்லாம் பயிருக்காகக் கத்தின. கத்த வேண்டியதுதான். அந்த நாற்றை நட்ட கைகளுக்கு யார் கணக்குப் பார்த்தது? புது வாய்க்கால் நிரம்பினால் எந்தத் தெருவுக்குள் வழியும் என்று யார் கேட்டது?

நிலம் எடுக்கும்போது பட்டா இருந்தவனுக்குத்தான் பேச வாய் இருந்தது. 1894-ஆம் வருஷத்து வெள்ளைக்காரன் சட்டத்தில் அவன் இழப்பீடு கேட்கலாம். அவன் நிலத்தில் மூன்று தலைமுறையாக உழுதவள் கண்ணில் படவே இல்லை. 2013 சட்டம்தான் விவசாயக் கூலிகளையும் 'பாதிக்கப்பட்ட குடும்பம்' என்று எழுத்தில் ஏற்றது. அதற்கு முன் போன கிராமங்களின் சேரிகள் எந்தக் கணக்கில் வரும்? சரிசெய்த நிலம் என்று இன்று காட்டுகிறார்களே, அதில் ஒரு காணி அந்தச் சேரிக்காரனின் பேரன் பெயரில் இருக்கிறதா?

எனவே நம் இயக்கத்தின் கோரிக்கை 'சுரங்கம் வேண்டாம்' என்பதோடு நின்றுவிடக் கூடாது. ஏற்கெனவே தோண்டிவிட்ட நிலம் ஆயிரக்கணக்கான ஏக்கர் கிடக்கிறது. அதைத் திருத்துகிற வேலையை, படி வெட்டுவது முதல் புல் நடுவதுவரை, அடிவாரத்துச் சேரிப் பெண்களுக்கு முறையான கூலியோடு கொடு. திருத்தி முடித்ததும் அவர்கள் பெயரிலேயே பட்டா கொடு. இது புதுப் பேச்சு இல்லை. செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891-ல் எழுதிய அறிக்கைக்குப் பிறகு, 1892-ல் வெள்ளைக்கார அரசு நமக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமும் தரிசுதான். கல்லைப் பொறுக்கி, வரப்பு போட்டு, ஏரி வண்டலைச் சுமந்து கொட்டி அதை மண்ணாக்கியது நம் பாட்டன் பாட்டி. மண்ணான பிறகுதான் மற்றவன் கண் அதில் விழுந்தது. இந்த முறை பட்டாவில் அதற்கும் பூட்டு போட்டாக வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கொட்டி நிரப்பிய மண் பல வருஷம் உட்கார்ந்துகொண்டே இருக்கும். அதன்மேல் தொகுப்பு வீடு கட்டித் தருகிறோம் என்று யாராவது வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பயிருக்கு அந்த நிலம் சரி. சுவர் எழுப்பினால் வெடிக்கும்.

சரி, வேலைக்கு வருவோம். சுரங்கமோ குவாரியோ இருக்கிற ஊர்த் தோழர்கள் ஆளுக்கு ஆறு கண்ணாடி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசியில் முதல் நல்ல மழை விட்ட அரைமணி நேரத்துக்குள் மண்மேட்டின் அடிவார ஓடையில் இரண்டு பாட்டில், வண்டல் குட்டைக்குள் நுழைகிற இடத்தில் இரண்டு, அதிலிருந்து வெளியேறுகிற இடத்தில் இரண்டு பிடியுங்கள். தேதி, நேரம், இடம் எழுதிய சீட்டு ஒட்டுங்கள். அசைக்காமல் இரண்டு நாள் வைத்து, அடியில் எத்தனை விரல் மண் உட்கார்ந்திருக்கிறது, மேல்தண்ணி தெளிந்ததா என்று குறியுங்கள். நுழைகிற பாட்டிலும் வெளியேறுகிற பாட்டிலும் ஒரே மாதிரி இருந்தால் குட்டை வேலை செய்யவில்லை. ஓடையில் தனியாக இறங்காதீர்கள், இரண்டு பேராகப் போங்கள், மழை வலுத்தால் மேட்டுப் பக்கமே போகாதீர்கள். கூடவே மூடல் திட்டத்தின் நகல், குட்டையைக் கடைசியாக வாரிய தேதி, மேல்மண் சேர்த்து வைத்திருக்கும் இடம் மூன்றையும் கேட்டு, 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மனுவின் மாதிரி பின் அட்டையில் இருக்கிறது. கிடைத்ததையெல்லாம் கார்த்திகை முடிவதற்குள் எங்களுக்கு அனுப்புங்கள். தை இதழில் ஊர்வாரியாகப் போடுகிறோம்.

கேள்வி கேட்ட தம்பியிடம் போன வாரம் இதைச் சொன்னேன். சோடா கடையில் பாட்டில் கேட்டு வைத்திருப்பதாக நேற்று வந்து சொல்லிவிட்டுப் போனான். எங்கள் பழைய குவாரிக்கு அவனும் நானும் போகிறோம். சித்தியும் வருகிறேன் என்கிறது.